ஒத்துக்கொள்ளாத ஊசி

கார்த்திகை 3, திங்கள்

இந்த நோட்டை வார்டு நர்ஸ் கொடுத்தாள். செவ்வந்தி ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிக்கிறாள், எவ்வளவு மூத்திரம் போகிறாள் என்று இரண்டையும் இதில் எழுத வேண்டும். அளப்பதற்கு மில்லிக் கணக்கில் கோடு போட்ட பிளாஸ்டிக் குவளை கொடுத்திருக்கிறார்கள்.

செவ்வந்தி என் ஒரே மகள். நாற்பது வயது. பத்து நாளாகக் காய்ச்சல், படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, காலில் நீர். இருதயக் கோளாறு என்று நேற்று மதுரையில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம்.

"எழுதப் படிக்கத் தெரியுமா பாட்டி?" என்று நர்ஸ் கேட்டாள்.

ஐந்தாவது வரை படித்தேன். ஆறாவதுக்கு அனுப்பக் கூடாது என்று சொன்னவர் என் பெரியப்பா. அவர் செத்தபோது நான் எழவுக்குப் போகவில்லை. இதையெல்லாம் நர்ஸிடம் சொல்லவில்லை. தெரியும் என்றேன்.

குடித்தது 1200. போனது 1100.

மீதிப் பக்கம் காலியாகக் கிடக்கிறது. அதனால் எழுதுகிறேன். பக்கத்துக் கட்டில்காரி என்னைக் கேட்காமல் என் ஸ்டூலை எடுத்துக்கொண்டாள். பச்சைச் சேலை, வலது காதில் மட்டும் தோடு. நினைவில் வைத்திருக்கிறேன்.


கார்த்திகை 4, செவ்வாய்

எதிர்ச் சுவரில் இருதயத்தின் படம் மாட்டியிருக்கிறார்கள். பாதி சிவப்பு, பாதி நீலம். நாள் முழுவதும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வேறு பார்க்க ஒன்றும் இல்லை.

படத்தில் தப்பு இருக்கிறது. வலது என்று எழுதியிருக்கும் அறை இடது பக்கம் இருக்கிறது. நாற்பத்தைந்து வருடமாகக் கறிக்கடையில் ஆட்டு இருதயத்தை நறுக்குகிறேன். எனக்குத் தெரியாதா? இடது பக்கச் சுவர் கட்டைவிரல் கனம் இருக்கும், அழுத்தினால் கல் மாதிரி நிற்கும். வலது பக்கச் சுவர் மெலிந்து தொய்ந்து கிடக்கும். படம் போட்டவன் இருதயத்தைக் கையில் எடுத்தே பார்த்திருக்க மாட்டான்.

நர்ஸைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவள் சிரித்தாள்.

"படத்துல இருக்கவரு உங்களப் பார்த்து நிக்கிறாரு பாட்டி. எதிர்ல நிக்கிறவரோட வலது கை உங்களுக்கு இடது பக்கந்தான இருக்கும்?"

யோசித்துப் பார்த்தேன். சரிதான். நான் இருதயத்தை எடுக்கும்போது ஆடு என்னைப் பார்த்து நிற்பதில்லை.

குடித்தது 1100. போனது 1050. காலையில் காய்ச்சல் 102.


கார்த்திகை 5, புதன்

சின்ன டாக்டரம்மா வந்தாள். நஸ்ரின் என்று பெயர். பேத்தியை விடப் பத்து வயது கூட இருந்தால் அதிகம். கட்டிலில் உட்கார்ந்து, மருந்துச் சீட்டின் பின்பக்கம் ஒரு படம் வரைந்தாள்.

மேலே இரண்டு அறை, கீழே இரண்டு அறை. நடுவில் குறுக்குச் சுவர். உடம்பைச் சுற்றிவந்த அழுக்கு ரத்தம் வலது மேல் அறையில் வந்து விழுகிறது. அங்கிருந்து வலது கீழ் அறை, அங்கிருந்து நுரையீரல். சுத்தமாகித் திரும்பி இடது மேல் அறைக்கு வருகிறது, இடது கீழ் அறைக்கு இறங்குகிறது. அந்த அறைதான் உடம்பு முழுவதற்கும் தள்ளிவிடுகிறது. அதனால்தான் அந்தச் சுவர் அவ்வளவு கனம். இத்தனை வருடம் வெட்டியும் அது ஏன் கனம் என்று நான் கேட்டதில்லை.

ஒவ்வொரு அறைக்கும் ஒரு கதவு. போன ரத்தம் திரும்பி வராமல் மூடிக்கொள்ளும்.

"உங்க பொண்ணுக்கு இந்தக் கதவுதாம்மா கெட்டிருக்கு" என்று இடது பக்கம் மேல் அறைக்கும் கீழ் அறைக்கும் நடுவில் பேனாவை வைத்தாள். "ரெண்டு இதழ் இருக்கும்..."

"நூல் கட்டியிருக்குமே" என்றேன்.

"எந்த நூல்?"

"வெள்ளையா. கதவு மேல பிச்சுக்கிட்டுப் போயிராம, கீழ் அறைச் சதையில இருந்து இழுத்துக் கட்டியிருக்குமே. கத்தியில சிக்கும்."

டாக்டரம்மா பேனாவை மூடினாள். "நீங்க என்ன வேலைம்மா பார்க்குறீங்க?"

"கறிக்கடை."

செவ்வந்தி படுத்தபடியே சிரித்தாள். "எங்கம்மா மெடிக்கல் காலேஜ்ல சேர வேண்டியவுக டாக்டர். அவுக பெரியப்பாதான் விடல."

சிரித்ததில் இருமல் வந்துவிட்டது. முதுகைத் தடவிக் கொடுத்தேன். இருமல் நின்றதும் டாக்டரம்மா கேட்டாள்: சின்ன வயதில் மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்ததா?

"ஒன்பது வயசுல வந்துச்சு. முட்டி ரெண்டும் தேங்காயாட்டம் வீங்கிக்கிச்சு" என்றாள் செவ்வந்தி.

"இருபத்தொரு நாளைக்கு ஒரு தடவ பென்சிலின் ஊசி போடச் சொல்லியிருப்பாங்களே? வருசக்கணக்கா போட்டிருக்கணும். அந்தக் காய்ச்சல் மறுபடி மறுபடி வந்துதான் இந்தக் கதவக் கெடுக்கும்."

"போட்டாக. ஏழு ஊசி போட்டாச்சு. எட்டாவது ஊசியில மயங்கி விழுந்துட்டேன். கண்ணு செருகிக்கிச்சு, கை காலெல்லாம் வெட்டி இழுத்துச்சு, வாயில நுரை. எனக்கே நல்லா ஞாபகம் இருக்கு. பென்சிலின் எனக்கு ஆகாது டாக்டர்."

டாக்டரம்மா ஃபைலை எடுத்து முதல் பக்கத்தில் சிவப்பு மையால் பெரிதாக எழுதி வட்டம் போட்டாள். "நல்லவேளை சொன்னீங்க. இது ரொம்ப முக்கியம்."

தூக்குச் சட்டியைக் கழுவ வெளியே போனேன். ஏற்கெனவே கழுவி வைத்திருந்த சட்டிதான்.

குடித்தது 1000. போனது 1000.


கார்த்திகை 6, வியாழன்

வேறு மருந்து ஏற்றத் தொடங்கிவிட்டார்கள். குடித்தது 1000. போனது 900. காலை இட்லி புளிப்பு.


கார்த்திகை 7, வெள்ளி

மாப்பிள்ளை வந்தார். கோட்டைச்சாமி நல்ல மனிதர். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். அவருடைய அம்மாதான் சரியில்லை. கல்யாணப் பந்தியில் எனக்கு அப்பளம் வைக்காமல் தாண்டிப் போனவள். இப்போது பேத்தியைப் பார்த்துக்கொள்கிறாள் என்பதால் ஒன்றும் சொல்வதற்கில்லை.

"வர்றப்ப பஸ் ஸ்டாண்டுல அந்த நர்சம்மாவப் பார்த்தேன் அத்தை" என்றார்.

"எந்த நர்சம்மா?"

"அதான், அமலோற்பவம். செவ்வந்திக்கு மேலுக்கு எப்படி இருக்குன்னு கேட்டாக."

"நீங்க என்ன சொன்னீக?"

"என்னத்தச் சொல்ல? மூஞ்சியத் திருப்பிக்கிட்டு வந்துட்டேன்."

செவ்வந்தி, "சரியாச் செஞ்சீங்க" என்றாள். "ஊசியத் தப்பாப் போட்டு என்னையச் சாகக் கெடத்துனவ. இப்ப வந்து விசாரிக்கிறாளாக்கும்."

எங்கள் ஊர் ஆரம்பச் சுகாதார நிலையத்தில் நர்ஸாக இருந்தவள் அமலோற்பவம். எனக்கும் அவளுக்கும் ஒரே வயது. எங்கள் வீட்டில் யாரும் அவளோடு பேசி முப்பத்தொரு வருடம் ஆகிறது. செவ்வந்தி பள்ளிக்கூடம் போகும் வழியில் அவள் வீட்டைத் தாண்டும்போது எச்சில் துப்பிவிட்டுத்தான் போவாள். நான் சொல்லிக் கொடுக்கவில்லை. தடுக்கவும் இல்லை.

குடித்தது 1000. போனது 800.


கார்த்திகை 8, சனி

ரத்தத்தில் கிருமி என்று பரிசோதனையில் வந்திருக்கிறது. வீணாய்ப்போன கதவின் இதழில் ஒட்டிப் பாசி மாதிரி வளர்கிறதாம். அது பிய்ந்து மூளைக்குப் போனால் என்ன ஆகும் என்றும் சொன்னார்கள். முதலில் கிருமியைக் கொல்ல வேண்டும். அப்புறம்தான் நெஞ்சைத் திறந்து கெட்ட கதவை எடுத்துவிட்டு வேறு கதவு வைக்க முடியும்.

போனது 700. குளியலறைக் குழாயில் தண்ணீர் வரவில்லை. கீழ்த் தளத்தில் போய் இரண்டு சேலை, ஒரு துண்டு அலசினேன்.


கார்த்திகை 10, திங்கள்

நேற்று எழுதவில்லை. நேற்றுப் போனது 560. இன்று 450.

முகம் ஊதியிருக்கிறது. மோதிரம் கழலவில்லை. சோப்புப் போட்டுக் கழற்றி என் முந்தியில் முடிந்து வைத்திருக்கிறேன்.

"இந்த மருந்து கிட்னிய அடிக்குதும்மா" என்றாள் டாக்டரம்மா. "அளவக் குறைச்சா கிருமி சாகாது. கூட்டுனா கிட்னி நிக்காது."

"வேற மருந்து இல்லையா?"

"இந்தக் கிருமிக்கு ரொம்ப நல்லாக் கேட்குற மருந்து ஒண்ணு இருக்கு. அதுதான் அவங்களுக்கு ஆகாதே."

பச்சைச் சேலைக்காரி ஸ்டூலைத் திருப்பிக் கொடுத்தாள். நான் உட்காரவில்லை.


கார்த்திகை 11, செவ்வாய்

பெரிய டாக்டர் ஏழெட்டுப் பேரோடு வந்தார். ஃபைலைப் புரட்டினார். சிவப்பு வட்டத்தில் விரலை வைத்தார்.

"இது யார் சொன்னது?"

"நான்தான் சார்" என்றாள் செவ்வந்தி. பேசவே சிரமப்படுகிறாள்.

"ஒன்பது வயசுல நடந்ததா? ஊசி போட்டு எத்தனை நிமிசத்துல மயக்கம் வந்துச்சு? உடம்புல தடிப்பு வந்துச்சா? ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனாங்களா? யாராவது கூட இருந்தவங்க தெளிவாச் சொன்னா நல்லாருக்கும். சில பேரு சாதாரண மயக்கத்தக் கூட ஒவ்வாமைன்னு நினைச்சிருப்பாங்க. ஆனா கை கால் வெட்டுச்சுன்னு எழுதியிருக்கு. அப்படின்னா என்னால துணிஞ்சு கொடுக்க முடியாது."

"எங்கம்மாவக் கேளுங்க சார்" என்றாள் செவ்வந்தி. "அம்மாவுக்கு எதுவும் மறக்காது. என் சடங்குக்கு யாரு யாரு என்ன செஞ்சாகன்னு இன்னிக்கும் வரிசையாச் சொல்லும். எம்மா, சொல்லும்மா."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"நினைவில்லைங்க" என்றேன்.

டாக்டர்கள் அடுத்த கட்டிலுக்குப் போனார்கள். செவ்வந்தி என்னையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். நான் போர்வையை மடித்தேன். பிரித்து, மறுபடியும் மடித்தேன்.

குடித்தது 600. போனது 380.


கார்த்திகை 12, புதன்

குடித்தது 600. போனது 290.


கார்த்திகை 13, வியாழன்

காலை பத்து மணி. செவ்வந்தி தூங்குகிறாள். தூங்குகிறாளா, மயக்கமா என்று நர்ஸ் இரண்டு தடவை தட்டிப் பார்த்தாள்.

எனக்கு மறதி கிடையாது. அதனால் நடந்ததை இங்கே எழுதுகிறேன்.

அது பங்குனி மாதம், செவ்வாய்க்கிழமை. கடையில் கூட்டம். எட்டாவது ஊசிக்கு நாள் தப்பக் கூடாது என்று வெட்டின கையோடு பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஓடினேன். சேலையில் ரத்தம் இருந்தது. குளிக்க நேரமில்லை. பெஞ்சில் ஏழு பொம்பளைகள் உட்கார்ந்திருந்தார்கள். ஏழு பேர் பெயரும் தெரியும். நான் வாசல்படியில் கால் வைத்ததும் அமலோற்பவம் உள்ளேயிருந்து சத்தம் போட்டாள்.

"ஏம்மா, இந்தக் கவிச்சியோடயா உள்ள வருவ? வெளிய நில்லு. பிள்ளைய மட்டும் விடு."

ஏழு பேரில் ஒருத்தி மூக்கைப் பொத்தினாள். இன்னொருத்தி சிரித்தாள். அவர்கள் வீட்டுக் குழம்பில் கொதிப்பது நான் வெட்டிய கறிதான்.

பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன். வழியில் தேன்மிட்டாய் வாங்கிக் கொடுத்தேன்.

வீட்டுக்காரர் கேட்டார், ஊசி போட்டாச்சா என்று. வெளியே நிற்கச் சொன்னாள் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால், அதுக்காகப் பிள்ளை ஊசியை விடுவியா என்று என்னைத்தான் ஏசுவார். அதனால் ஊசி ஒத்துக்கொள்ளவில்லை என்றேன். பிள்ளை விழுந்துவிட்டாள், கண் செருகிவிட்டது, கை கால் வெட்டியது, நுரை தள்ளியது என்றேன். ஒன்று சொன்னதும் அடுத்தது தானாக வந்தது.

அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போய் அவளை அடிக்கக் கை ஓங்கினார். ஊரே கூடிவிட்டது. ஊசியே போடவில்லை என்று அவள் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. மனு எழுதினார்கள். கைநாட்டு வைத்தவர்களில் அந்த ஏழு பேரில் நான்கு பேர் உண்டு. இரண்டு மாதத்தில் அவளை வருசநாட்டு மலைப்பக்கம் மாற்றிவிட்டார்கள்.

மாற்றுவதற்கு முன்னால் அவள் மூன்று தடவை என் வீட்டுக்கு வந்தாள். ஊசிப் பெட்டியோடு வந்தாள். "என்னைய என்ன வேணாலும் சொல்லிக்க சீனியம்மா. பிள்ளைக்கு ஊசிய விட்றாத" என்றாள். முதல் தடவை கதவைச் சாத்தினேன். இரண்டாவது தடவையும் அப்படித்தான். மூன்றாவது தடவை குடல் கழுவின தண்ணீரை வாசலில் ஊற்றினேன். அவள் சேலையில் முழங்கால் வரை பட்டது. பெட்டியில் படாமல் அதைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டாள்.

அவள் என்னை வெளியே நிற்கச் சொன்னது தப்புத்தான்.

இதை எழுதி முடிப்பதற்குள் மூத்திரப் பையில் சேர்ந்தது 40.


கார்த்திகை 14, வெள்ளி

காலை ஏழு மணிக்கே டாக்டரம்மாவின் மேஜைக்குப் போனேன். ஒரு விஷயம் சொல்ல வேண்டும் என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவளே எழுந்து கட்டிலுக்கு வந்தாள். மாப்பிள்ளை ராத்திரி பஸ்ஸில் வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். செவ்வந்தி விழித்திருந்தாள். வெளியே போய்ப் பேசலாம் என்று நினைத்திருந்தேன். டாக்டரம்மா, "இங்கயே சொல்லுங்க" என்றாள்.

"அவ மயங்கி விழல" என்றேன்.

"யாரு?"

"எட்டாவது ஊசி போடவே இல்ல. போட்ட ஏழும் நல்லா ஒத்துக்கிச்சு. ஒரு தடிப்பு வந்ததில்ல."

செவ்வந்தி தலையைத் தூக்கினாள். "எம்மா, என்ன சொல்ற? எனக்கு ஞாபகம் இருக்கு. கண்ணு இருட்டுச்சு. கீழ விழுந்தேன்."

"அது நான் சொன்னது."

"இல்லம்மா. எனக்கே ஞாபகம் இருக்கு. கை கால் வெட்டுச்சு."

"அறுக்கையில ஆட்டுக்கு வர்றதச் சொன்னேன். நான் தினம் பார்க்குறது அதுதான. நீ சின்னப்பிள்ள. கேட்டுக் கேட்டு உனக்கு நடந்ததாட்டம் ஆகிப்போச்சு."

பக்கத்துக் கட்டில்காரி டம்ளரைக் கழுவுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள்.

டாக்டரம்மா கேட்டாள்: "பெரிய டாக்டர் கேட்டப்ப நினைவில்லைன்னு சொன்னீங்களே. இப்பதான் நினைவு வந்துச்சா?"

"எப்பவும் இருந்துச்சு."

அவள் என்னை ஏதாவது சொல்வாள் என்று நின்றேன். சொல்லவில்லை. வேகமாகப் போனாள். பெரிய டாக்டர் வந்தார். கையில் தோலுக்கடியில் ஒரு சொட்டு மருந்தைப் போட்டுப் பேனாவால் வட்டம் போட்டார்கள். இருபது நிமிடம் பார்க்க வேண்டுமாம். ஏதாவது ஆனால் கொடுப்பதற்கு இன்னொரு ஊசியையும் தயாராக ஏற்றி வைத்துக்கொண்டார்கள். மாப்பிள்ளை செவ்வந்தியின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.

தடிக்கவில்லை. சிவக்கவில்லை.

இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று கூட்டிக்கொண்டே போய் மத்தியானம் முழு மருந்தும் ஏற்றினார்கள். பழைய மருந்தை நிறுத்திவிட்டார்கள். டாக்டரம்மா ஃபைலில் சிவப்பு எழுத்தின் மேல் குறுக்கே கோடு போட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

செவ்வந்தி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

குடித்தது 500. போனது 310.


கார்த்திகை 15, சனி

போனது 480.


கார்த்திகை 16, ஞாயிறு

போனது 720. காய்ச்சல் இல்லை. இரண்டு நாளைக்குப் பிறகு செவ்வந்தி பேசினாள். தலை சீவி விட்டுக்கொண்டிருந்தேன்.

"அப்பா அந்த நர்சம்மாவ அடிச்சாரா?"

"கை ஓங்குனாரு. அடிக்கல."

"எங்க மாத்துனாக அவுகள?"

"வருசநாட்டுப் பக்கம்."

"எத்தன வருசம் இருந்தாக?"

"ஆறு வருசம், நாலு மாசம்."

"அவுகளுக்கு அப்பக் கைப்பிள்ளை இருந்துச்சுல்ல?"

"ஆம்பளப் பிள்ள. ஒண்ணரை வயசு."

"எல்லாம் ஞாபகம் வச்சிருக்க" என்றாள்.

பின்னலை முடித்து ரிப்பன் வைக்கப் போனேன். என் கையிலிருந்து சீப்பை வாங்கிக்கொண்டாள். மாப்பிள்ளையைக் கூப்பிட்டாள்.

"ஏங்க, அந்த நர்சம்மா வீட்டுக்குப் போங்க. நடந்ததச் சொல்லுங்க. ஆபரேசன் முடியிற வரைக்கும் கூட இருக்க முடியுமான்னு கேளுங்க. வர மாட்டேன்னு சொன்னா கால்ல விழுந்துட்டு வந்துருங்க."

"அதான் நான் இருக்கேனேடி" என்றேன்.

"நீ போய்க் கடையப் பாரு."

கோபமாகச் சொல்லவில்லை. தண்ணீர் கேட்பது போலச் சொன்னாள்.


கார்த்திகை 18, செவ்வாய்

வீட்டுக்கு வந்துவிட்டேன். அமலோற்பவம் வந்ததை நான் பார்க்கவில்லை. நான் படியிறங்கிப் போன பிறகு மாப்பிள்ளை அவளை லிஃப்டில் கூட்டிப் போனாராம். அப்படி ஏற்பாடு செய்தது செவ்வந்தியாக இருக்கும்.

மோதிரம் என் முந்தியிலேயே இருக்கிறது. வார்டில் புது நோட்டுக் கொடுத்திருப்பார்கள்.


கார்த்திகை 21, வெள்ளி

மாலை போட்டவர்கள் அதிகம். கறி ஓடவில்லை. கொழுந்தன் மகன் சேவுகன் கடையில் செல்போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். ஒரு ஆடுதான் வெட்டினோம். ஒரு கிழவர் வந்து இருதயம் மட்டும் கேட்டார். நறுக்கிக் கொடுத்தேன்.

மாப்பிள்ளை போன் செய்தார். போனது 1300 என்று சொன்னார்.


கார்த்திகை 26, புதன்

போன் வரவில்லை.


கார்த்திகை 28, வெள்ளி

மாப்பிள்ளை பேசினார். கிருமி செத்துவிட்டதாம், ரத்தம் சுத்தம் என்று வந்திருக்கிறதாம். இன்னும் மூன்று வாரம் அதே மருந்தை ஏற்ற வேண்டும். ஆனால் கதவு ரொம்ப ஒழுகுவதால் அதுவரை காத்திருக்க முடியாது, வருகிற வியாழக்கிழமை ஆபரேஷன் என்றார். உலோகக் கதவு வைப்பார்களாம்.

"அந்த நர்சம்மா எப்படி?" என்று கேட்டேன்.

"நல்லாப் பார்த்துக்கிறாக அத்தை."

"என்னையப் பத்தி ஏதாச்சும் பேசுனாளா?"

"இல்ல அத்தை."

"ஒண்ணுமேவா?"

"ஒண்ணும் பேசல."

ஏசியிருந்தால் ஏசினாள் என்று வைத்துக்கொண்டிருப்பேன்.


மார்கழி 3, புதன்

இன்று கடைக்குப் போகவில்லை. சேலைகளை எல்லாம் துவைத்தேன். துவைத்தவற்றையும் துவைத்தேன்.


மார்கழி 4, வியாழன்

காலை எட்டு மணிக்கு உள்ளே கொண்டுபோனார்கள் என்று மாப்பிள்ளை சொன்னார். ரத்தத்தை ஒரு மெஷினில் சுற்றவிட்டு, இருதயத்தை நிறுத்தி வைத்துத்தான் கதவை மாற்றுவார்களாம். எத்தனை மணி நேரம் நிறுத்துவார்கள் என்று கேட்டேன். தெரியவில்லை என்றார். பயந்திருந்தார். நானும் வற்புறுத்தவில்லை.

பத்து மணி. போன் இல்லை.

பன்னிரண்டு மணி. சோறு வடித்தேன்.

ஒரு மணி. போன் இல்லை. சோற்றை மூடி வைத்தேன்.

இரண்டரைக்கு மாப்பிள்ளையின் நம்பரிலிருந்து வந்தது. எடுத்தேன். பேசியது அவர் இல்லை.

"சீனியம்மா. நான் அமலோற்பவம் பேசுறேன்."

குரல் மாறவே இல்லை. கொஞ்சம் மூச்சு மட்டும் வாங்குகிறது.

"ஆபரேசன் முடிஞ்சிருச்சு. நிறுத்துன இருதயம் நல்லாத் திரும்பி அடிச்சிருச்சாம். உன் மருமகன் கோயிலுக்கு ஓடிட்டாரு, போன என்கிட்டக் குடுத்துட்டு. உன்கிட்டச் சொல்லச் சொன்னாரு."

சொல்ல வேண்டியது என்ன என்று எனக்குத் தெரியும். முப்பத்தொரு வருடத்தில் நடந்த எல்லாமே வரிசையாகத் தெரியும். வாயைத் திறந்தேன்.

"மூத்திரம் எவ்வளவு போச்சு?" என்று கேட்டேன்.

வைத்துவிடுவாள் என்று நினைத்தேன்.

"இரு" என்றாள். "உள்ள இருக்குற நர்சுப் பிள்ளைககிட்டக் கேட்டுட்டு வர்றேன். வச்சிராத."

செருப்புச் சத்தம் தேய்ந்துகொண்டே போனது. காலை இழுத்து இழுத்து நடக்கிறாள். கதவைத் தட்டியது கேட்டது. யாரிடமோ கெஞ்சியது கேட்டது. மறுபடி செருப்புச் சத்தம் வந்தது.

"கடைசி ஒரு மணி நேரத்துல அறுபது."

"இரு, எழுதிக்கிறேன்."

"எழுது."

எழுதினேன்.

"அடுத்த மணிக்கும் கேட்டுச் சொல்லுவியா?" என்றேன்.

"கூப்பிடு" என்றாள்.

2.30 – 60.
3.30 – 55.
4.30 – 70.
5.30 – 70. கண் திறந்துவிட்டாள்.